“இனிமே கத்துகினு இன்னா பண்ணப்போறோம்?”

திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த ஃபிட்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் ஓடும்போதே ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் உறை மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பார்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது; கீச்சென்றால் கிரீஸ் இல்லை. “இது ஏன் இப்படிச் சத்தம் போடுது?” என்று கேட்டுக் கேட்டே தொழில் படித்தவர்கள். அப்படிப்பட்டவர் 58 வயதில் ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே, போனில் பணம் அனுப்பச் சொல்லித் தருகிறேன் என்று பேரன் வந்தால், “இனிமே கத்துகினு இன்னா பண்ணப்போறோம்?” என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வயசாச்சு என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். ஆவல் வற்றிப்போவது அப்படி விட்டுவிடக்கூடிய சமாசாரம் இல்லை.

ஆவல் மூளையில் செய்யும் வேலை

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. சிலரிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, விடையைச் சொல்வதற்கு முன்னால் முன்பின் தெரியாத முகங்களைக் காட்டினார்கள். விடைக்காகத் துடித்துக்கொண்டிருந்தபோது பார்த்த முகங்கள், கேள்விக்குத் துளியும் சம்பந்தமில்லாதவை என்றாலும், பிற்பாடு நன்றாக நினைவுக்கு வந்தன. ஆவல் எழும்போது டோபமின் என்ற ரசாயனம் சுரக்கும் பகுதிகளும் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் கைகோத்து வேலை செய்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து விழுவதும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

எழுபது வயதை ஒட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 1996-ல் வந்தது. ஆவல் அதிகம் உள்ளவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். மற்ற நோய்க் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஆவல்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு உள்ளுக்குள் தளர்வதன் முதல் அடையாளமாகவும் ஆவல் குறைந்திருக்கலாம். அப்படியென்றால் கவனிக்க வேண்டிய அவசியம் இன்னும் கூடுகிறது.

60 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கு டிஜிட்டல் கேமராவையும் துணி ஒட்டுத் தையலையும் மூன்று மாதம் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். புதிதாக, கொஞ்சம் கஷ்டமாக எதையாவது கற்றவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. ஆகவே தெருமுனை கேரம் போர்டை விட வேண்டாம், ஆனால் மூளைக்கு அது மட்டும் போதாது.

எழுபதில் விஞ்ஞானம்

ராஜாஜி சாலையில் சென்னை கலெக்டர் ஆபீஸுக்கு யார் பெயர் இருக்கிறதோ, அந்த ம. சிங்காரவேலர் 1860-ல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கடற்கரையில் கொண்டாடியதைப் பலரும் அறிவார்கள். எனக்கு வியப்பு அதற்குப் பிந்தைய சிங்காரவேலர்தான். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்குப் போய், 1930-ல் வெளியே வந்தபோது வயது 70. அதற்கப்புறம்தான் ‘குடி அரசு’ இதழில் பிரபஞ்சம், பரிணாமம் என்று அறிவியலைத் தமிழில் எழுதித் தள்ளினார். 1935-ல், 75 வயதில், ‘புது உலகம்’ என்று சொந்தமாக ஒரு மாத இதழே தொடங்கினார். 1946-ல் காலமாகும்போது வயது 85.

அவர் வக்கீல், வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர், நமக்கு அது சரிவருமா என்று கேட்கலாம். காசிமேட்டில் நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போனவர்கள் ஜி.பி.எஸ். வந்ததும் அதைக் கற்றுக்கொள்ளவில்லையா? பிழைப்பு என்று வந்தால் எந்த வயதிலும் கற்கிறோம். பிழைப்பு முடிந்ததும் நிறுத்திவிடுகிறோம்.

காது கேட்காதவர் கேள்வி கேட்பதில்லை

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியல் போட்டது. அவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. பட்டியலைப் படித்தால் வடசென்னையைப் பற்றி எழுதியது போலவே இருக்கும்: காது மந்தம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, தனிமை, காற்று மாசு.

இதில் காதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 85 டெசிபலுக்கு மேலான ஆலைச் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் வருஷக்கணக்கில் கேட்டால் உள்காது மெல்ல மெல்லச் சேதமாகும். ரிட்டயரானவர் டி.வி.யை அலறவிடுவார். பேச்சு புரியாமல் ஒரு தடவை “இன்னா?” என்பார், இரண்டாம் தடவையும் “இன்னா?” என்பார், மூன்றாம் தடவை சும்மா தலையாட்டிவிடுவார். ஆர்வம் இல்லை என்று வீட்டார் நினைப்பது பாதி நேரம் இந்தத் தலையாட்டல்தான். பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. காது கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்கலாம்.

காற்று விஷயம் வேறு. எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவரிடம் ஆவலாக இருங்கள் என்று மட்டும் உபதேசம் செய்துவிட்டு நகர்வது அநியாயம். 2023 டிசம்பரில் முதலில் ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய், மாதக் கடைசியில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரி வீட்டை விட்டு ஓடினார்கள். “இது இன்னா நாத்தம், எங்கேர்ந்து வருது?” என்று அங்கே தினமும் கேட்கத்தான் செய்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

பேப்பர் படித்தவர் தொடுவதில்லை, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவர் கேட்பதில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த ஆர்வமின்மை மாதக்கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பி.பி., சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது இந்த மாற்றத்தையும் அவரிடம் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் பயந்துவிடவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, தினக்குடி, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே போல ஆளை மந்தமாக்கும். முதல் இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.