போர்க்கள ரேடியோவுக்குள் ஓர் அணுக் கடிகாரம்

அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்தும் சிங்கார்ஸ் ரேடியோ ஒரே அலைவரிசையில் நின்று பேசுவதில்லை. 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2,320 தடங்களாக வகுத்துக்கொண்டு, வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் தடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தடத்தில் அது தங்குவது ஏறக்குறைய 9 மில்லி வினாடி. பேசுபவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அவர் குரல் ஐம்பது இடங்களுக்குத் தாவியிருக்கும். ஒட்டுக்கேட்பவருக்கு ஒவ்வொரு தடத்திலும் ஒரு சின்னக் கீறல் சத்தம்தான் கிடைக்கும். ஜாமர் போட்டு அடைக்க நினைத்தாலும் எந்தத் தடத்தை அடைப்பது?

எதிரிக்கு இருக்கும் இந்தச் சிக்கல் நண்பனுக்கும் உண்டு. கேட்கும் ரேடியோவும் அதே வரிசையில், அதே கணத்தில் தாவியாக வேண்டும். கோலாட்டத்தில் அரைத் தாளம் பிந்தினால் கோல் காற்றில்தான் அடிக்கும், இங்கும் அப்படித்தான். தாவும் வரிசையை ரகசியக் குறியீடாக முன்கூட்டியே இரு ரேடியோக்களிலும் ஏற்றிவிடலாம். ‘இப்போது’ எது என்பதை அப்படி ஒரே ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது. கடிகாரம் விலகிக்கொண்டே போகும்.

அமெரிக்கப் போர் விமானங்களின் ‘ஹேவ் குவிக்’ ரேடியோ முறையில் இது வெளிப்படையாகவே தெரியும். 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் தாவும் அந்த ரேடியோவுக்கு அன்றைய குறிச்சொல், வலை எண், அன்றைய நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். நேரம் பிசகிவிட்டால் விமானி இன்னொரு ரேடியோவிடம் கேட்டு வாங்கலாம். வானொலி வழியே வரும் அந்த நேரக் குறியை விமானிகள் ‘மிக்கி’ என்பார்கள்.

மிக்கி கேட்பதும் ஓர் ஒலிபரப்பு, அனுப்புவதும் ஓர் ஒலிபரப்பு. திசை காட்டும் ஏரியலோடு காத்திருப்பவருக்கு அது போதும். சிங்கார்ஸ் போன்ற ரேடியோக்கள் ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் ஒத்திசைவுக்கான சிக்னலை அனுப்பிச் சிறு பிசகுகளைச் சரிசெய்துகொள்கின்றன. அந்த வசதி இருப்பதால் அவற்றின் கடிகாரம் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலிபரப்பு நீளநீள மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். யாரையும் கேட்காமல் சரியான நேரத்தை எத்தனை மணி நேரம் தன்னிடமே வைத்திருக்க முடிகிறது என்பதுதான் ராணுவ ரேடியோவில் கடிகாரத்தின் தகுதி.

இந்தத் தேவை அணுக் கடிகாரத்தைவிட மூத்தது. 1943 ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய சிக்சாலி என்ற ரகசியத் தொலைபேசி அறை நிறையும் இயந்திரம். பேச்சோடு கலப்பதற்கான இரைச்சலை இசைத்தட்டில் பதிந்து, ஒரே மாதிரியான தட்டு ஒன்றை இந்தக் கரையிலும் இன்னொன்றை அந்தக் கரையிலும் சுழலவிட்டார்கள். இரண்டும் ஒன்றாகச் சுழன்றால் பேச்சு மீளும். விலகினால் வெறும் இரைச்சல். குவார்ட்ஸ் படிகத்தின் துணையோடு அதைச் சாதித்த பெல் ஆய்வகத்துப் பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

குவார்ட்ஸ் நல்ல படிகம். ஆனால் அதன் துடிப்பு, அதை எப்படி வெட்டினோம், எவ்வளவு சூடு, எவ்வளவு அதிர்வு, எத்தனை வயது என்பதையெல்லாம் பொறுத்தது. பாலைவன வெயிலில் குலுங்கும் வண்டியில் இவை எல்லாமே மாறும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் ஒரு நாளில் 86 மில்லி வினாடி விலகல், அதாவது ஒன்பது தாவல் தூரம். படிகத்தைச் சூடு மாறாத சின்னஞ்சிறு அடுப்புக்குள் வைத்து, பிசகைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் விலகல் ஒரு மில்லி வினாடிக்குள் அடங்கும். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்றால் ஒரு மைக்ரோ வினாடிகூட இராது. அந்த மட்டத்துக்கு அணுவைத்தான் நாட வேண்டும்.

காரணம் எளியது. ருபீடியம்-87 அணு எங்கே இருந்தாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். அதன் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான தாவலுக்கு வினாடிக்குச் சுமார் 683 கோடி அதிர்வுள்ள நுண்ணலை தேவை. சீசியத்துக்கு அந்த எண் 919,26,31,770. 1967 முதல் வினாடியின் வரையறையே அதுதான்.

ராணுவக் கருவிகளில் பெரும்பாலும் ருபீடியம் இடம்பிடித்ததற்குக் காரணம் அதன் அடக்கம். உள்ளே ருபீடியம் ஆவி அடைத்த சிறு விளக்கு ஒன்று எரியும். அதன் ஒளி, அதே ஆவி உள்ள கண்ணாடிக் குமிழ் வழியே போய் ஓர் ஒளி உணரியில் விழும். குமிழுக்குள் நுண்ணலையையும் செலுத்துவார்கள். நுண்ணலை அணுவின் எண்ணோடு சரியாகப் பொருந்தும்போது அணுக்கள் கூடுதலாக ஒளியை உறிஞ்சும். உணரியில் வெளிச்சம் மிகச் சிறிதளவு மங்கும். அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு மின்சுற்று நுண்ணலையை அங்கேயே நிறுத்தும். நுண்ணலை பிறப்பது ஒரு சாதாரண குவார்ட்ஸ் படிகத்திலிருந்துதான். துடிப்பது படிகம், அது வழி தவறாமல் பார்த்துக்கொள்வது அணு. வெளியே வருவது ரேடியோவுக்குத் தேவையான 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலேயே அணுக் கடிகாரம் இருக்கிறதே, அதைக் கேட்டு நேரம் வாங்கினால் போதாதா? போதும், கிடைக்கும்வரை. 20,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வரும் அந்த சிக்னல், ரிசீவரின் சொந்த இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும் அளவு பலவீனமானது. சில வாட் ஜாமர் ஒன்று சுற்றுவட்டாரத்தையே குருடாக்கிவிடும். உக்ரைன் போரில் இரு தரப்பும் இதை நாள்தோறும் அனுபவிக்கின்றன. நேரத்துக்கு ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பிய ரேடியோ, ஜாமர் இயங்கியதும் தன் படிகத்தின் தயவில் விடப்படுகிறது.

ருபீடியம் பெட்டியைக் கப்பலில் வைக்கலாம், விமானத்தில் வைக்கலாம். வீரனின் முதுகில் ஏற்றினால் பேட்டரி தாங்காது, அதற்குப் பல வாட் வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்பு 2000களின் தொடக்கத்தில் சில்லு அளவு அணுக் கடிகாரத்துக்குப் பணம் ஒதுக்கியது இதற்காகத்தான். 2004இல் அமெரிக்கத் தர ஆய்வகமான நிஸ்ட், அரிசி மணி அளவில் அதன் இதயப் பகுதியைச் செய்து காட்டியது. விளக்குக்குப் பதில் நுண்ணிய லேசர். நுண்ணலைப் பெட்டியே இல்லை, லேசரின் ஒளியையே நுண்ணலை வேகத்தில் துடிக்கவைத்து அணுக்களைச் சோதிக்கிறார்கள். 2011இல் கடைக்கு வந்த முதல் சாதனம் சுமார் 35 கிராம். தின்னும் மின்சாரம் ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

பெரிய ருபீடியம் பெட்டியின் நிலைத்தன்மை இதற்கு இல்லை. நாளாக ஆக இதுவும் மெல்ல விலகும், ஜி.பி.எஸ். கிடைக்கும்போது திருத்திக்கொள்ள வேண்டும். விலையும் நல்ல குவார்ட்ஸைவிடப் பல மடங்கு. எல்லா ரேடியோவுக்கும் இதைப் பொருத்துவது வீண் செலவு என்பதே என் எண்ணம். ஒத்திசைவு சிக்னலோடு சமாளிக்கும் ரேடியோவுக்கு நல்ல படிகம் போதும். ஆனால் சாலையோர வெடிகுண்டைத் தூண்டும் ரேடியோவை அடைக்கும் ஜாமர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தம் படையின் பேச்சையும் சேர்த்தே அடைத்துவிடும். அதனால் நொடியின் சிறு துணுக்குகளில் எல்லா ஜாமர்களும் ஒன்றாக வாய் மூட, அந்த இடைவெளியில் சொந்த ரேடியோக்கள் பேசும் ஏற்பாடு தேவைப்படுகிறது. ஒரே ஒரு ஜாமரின் கடிகாரம் பிசகினாலும் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். சில்லுக் கடிகாரத்தைத் தயாரித்தவர்கள் தொடக்கத்திலேயே குறிவைத்த வேலைகளில் இதுவும் ஒன்று.