சைக்கிள் பிரேம் செய்ய எந்தக் கருவி வாங்கலாம்?

தன் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்றபடி ஒரு சைக்கிளைத் தானே செய்து ஓட்ட வேண்டும் என்ற ஆவல் நம் இளைஞர்கள் சிலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆவல்தான். குழாயை அளந்து அறுக்கலாம், அரம் போட்டுப் பொருத்தலாம். உதிரி பாகங்களுக்கு லூதியானா இருக்கிறது. ஆனால் குழாயோடு குழாயை இணைக்கும் இடத்தில் எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். "இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிவிடலாமா சார்?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி.

வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தானே விளங்கிவிடும்.

குழாயின் கனம்

கருவியைத் தீர்மானிப்பது குழாய்தான். நல்ல சைக்கிள் குழாயின் சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. உயர்ந்த ரகக் குழாய்களில் இணைப்பு வரும் இரு முனைகளிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்று வைப்பதும் உண்டு. முனையில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாய் இழுக்கும் இந்த முறைக்கு 1897இல் இங்கிலாந்தில் ரேனால்ட்ஸ் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அந்த நிறுவனம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கக் கூட்டாளியாக வந்ததும் அதே குழுமம்தான்.

ஆர்க் வெல்டிங் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஏற்றது. 2.5 மி.மீ. கம்பி எரிய 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும். அந்தச் சூட்டை ஒரு மில்லிமீட்டர் சுவரில் காட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டை விழும். ஓட்டைக்குப் பயந்து மின்சாரத்தைக் குறைத்தால் உலோகம் மேலே மட்டும் படியும், உள்ளே பிடிக்காது. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது விட்டுவிடும். கேட் விட்டுப்போனால் மறுபடி பற்றவைக்கலாம். ஹேண்டில் குழாய் விட்டுப்போனால் ஓட்டுகிறவரின் முகம் தார்ச் சாலையில்!

மிக், டிக்

மலிவு விலைச் சைக்கிள்களைத் தொழிற்சாலைகளில் மிக் முறையில் பற்றவைக்கிறார்கள். அங்கே ஜிக், தேர்ந்த ஆள், இயந்திரக் கை எல்லாம் உண்டு. வீட்டில் ஒன்றிரண்டு பிரேம் செய்பவருக்கு அது பொருந்தாது.

டிக் வேறு ரகம். ஆர்கான் வாயுவின் காப்பில் டங்ஸ்டன் முனையிலிருந்து ஊசி போன்ற ஆர்க் வரும். 0.9 மி.மீ. சுவருக்கு 35 ஆம்பியர் சுமாராகப் போதும். இன்று பெயர் பெற்ற பிரேம் தச்சர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டு கைக்கும் ஒரு காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை. குழாய் முனைகள் வெளிச்சம் புகாதபடி பொருந்த வேண்டும். கை பழகப் பல மாதம் ஆகும். இதையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்கப் போகிறவர் தாராளமாக வாங்கலாம்.

அலுமினியம் பக்கம் போகவே வேண்டாம். 6061 ரக அலுமினியம் பற்றவைத்த இடத்தில் பலத்தை இழக்கும். அதை மீட்க முழு பிரேமையும் 500 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்து, நீரில் தோய்த்து, பிறகு பல மணி நேரம் மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். வீட்டில் நடக்கிற காரியமல்ல.

பிரேசிங்கே ஏற்றது

வெல்டிங்கில் இரும்பே உருகிக் கலக்கிறது. பிரேசிங்கில் இரும்பு உருகுவதில்லை. பித்தளையோ வெள்ளிக் கலவையோதான் உருகும். அது லக்குக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தானே ஏறிக்கொள்ளும். தட்டார் வெண்காரம் வைத்து நகையைப் பற்றவைக்கிறாரே, அதே தத்துவம்தான். இங்கும் பிளக்ஸின் அடிப்படை வெண்காரமே.

எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக் கம்பி 900 டிகிரி அளவில் ஓடும். இடையில் 600 டிகிரி இருப்பதால், புதிதாகக் கற்பவர் சற்றுத் தடுமாறினாலும் குழாய் தப்பிக்கும். 56 சதவீத வெள்ளிக் கம்பி 650 டிகிரியிலேயே ஓடும். ஆனால் விலை அதிகம், இடைவெளியும் 0.1 மி.மீ. அளவுக்குள் இருந்தாக வேண்டும். பித்தளை 0.2 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளும். முதல் பிரேமுக்குப் பித்தளையும் லக்கும் போதும்.

என்ன வாங்குவது?

காற்றோடு எரியும் சாதாரண எல்.பி.ஜி. டார்ச் மெல்லிய குழாயைச் சூடாக்கும். தடித்த பாட்டம் பிராக்கெட் கூட்டில் திணறும். எனவே ஆக்ஸிஜன் தேவை.

ஆக்ஸிஜனோடு சேரும் வாயு அசிட்டிலினா, எல்.பி.ஜி.யா? அசிட்டிலின் சுடர் 3100 டிகிரி, ஒரு புள்ளியில் குவியும். எல்.பி.ஜி. சுடர் 2800 டிகிரி, பரவலாகச் சுடும். லக் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டியிருப்பதால் புதியவருக்கு எல்.பி.ஜி.யே நல்லது. தவிர, அசிட்டிலின் முன்கோபி. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் போனால் தானே வெடிக்கும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது, செப்புக் குழாயில் செலுத்தவும் கூடாது.

சமையலறை 14.2 கிலோ சிலிண்டரைத் தொடாதீர்கள். அது வீட்டு அடுப்புக்கு மட்டுமே என்பது விதி. 5 கிலோ பொதுச் சந்தை சிலிண்டர் கிடைக்கிறது. அடுப்பு ரெகுலேட்டரின் அழுத்தம் டார்ச்சுக்குப் போதாது. அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் தனியாக வாங்க வேண்டும். டார்ச்சின் நாசில் எல்.பி.ஜி.க்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆக்ஸிஜனுக்கு 'பி' வகைச் சிறு சிலிண்டரில் 1.5 கன மீட்டர், அதாவது 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய 5 லிட்டர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் சில வீடுகளில் சும்மா இருக்கிறது. சிறு நாசிலுக்கு அதுவும் போதும். வெளிநாட்டுப் பிரேம் தச்சர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பட்டறைக்குப் போன கருவி மறுபடி நோயாளியின் அறைக்குப் போகக் கூடாது.

செலவைக் குறைக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் பிளாஷ்பேக் அரெஸ்டர். சுடர் பின்னோக்கி ஓடினால் சிலிண்டரை எட்டாமல் தடுப்பது அது. இரு குழாய்க்கும் ஒவ்வொன்று வேண்டும்.

உயிருக்குக் காவல்

ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை, கிரீஸ் கை படக் கூடாது. எரிவாயு இணைப்பு இடது மரை, ஆக்ஸிஜன் வலது மரை. மாற்றிப் பொருத்த முடியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு, பலவந்தம் செய்யாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அடுக்குமாடியின் பால்கனியும் அடித்தளமும் இந்த வேலைக்கு இடமல்ல. திறந்த முற்றம் வேண்டும்.

ஜி.ஐ. குழாயில் பழகிப் பார்க்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்க்காய்ச்சல் நிச்சயம். பித்தளைக் கம்பியும் வெண்புகை விட்டால் சூடு அதிகம் என்று அறிந்து சுடரை விலக்குங்கள். வெள்ளிக் கம்பி வாங்கினால் காட்மியம் இல்லாததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காட்மியப் புகை உயிரையே பறிக்கும்.

சோதித்த பிறகே சவாரி

1976இல் ரேனால்ட்ஸ் 753 என்ற மெல்லிய குழாயைக் கொண்டுவந்தபோது, மாதிரி இணைப்பு செய்து அனுப்பித் தேறிய தச்சருக்கே அதை விற்றது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சோதனையிலிருந்து விலக்கில்லை. நமக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். லக்கின் ஒரு விளிம்பில் கம்பியைக் கொடுங்கள், மறு விளிம்பில் பித்தளை மஞ்சள் வளையமாக எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அந்த இணைப்பை வாளால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே கறுப்புத் திட்டு இருந்தால் பித்தளை அங்கே போகவில்லை. அடுத்தடுத்து ஐந்து இணைப்பு சுத்தமாக வந்த பிறகே பிரேமைத் தொடுங்கள்.

பித்தளை ஓடிய இணைப்பு விட்டுப்போனால் அதன் மேல் ஆர்க் வெல்டிங் செய்யாதீர்கள். உருகும் பித்தளை எஃகின் அணுக்கட்டுக்குள் புகுந்து விரிசல் உண்டாக்கும். தெருவோரத்தில் ஒட்டிய பிரேம் அதே இடத்துக்குப் பக்கத்தில் மீண்டும் ஒடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் சைக்கிளுக்கு முன் போர்க்கைக் கடையில் வாங்கிப் போடுங்கள். உங்கள் பிரேமுக்கு உடனே பெயின்ட் அடிக்காமல் மெல்லிய வார்னிஷ் மட்டும் பூசி ஒரு மாதம் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை இணைப்புகளைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். கோடு எதுவும் விழவில்லை என்றால், பிடித்த நிறத்தில் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.