எந்தத் திருப்பத்தூர் சார்?

2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, எங்க ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வெளியூரில் சொன்னால், ‘‘ஓ... பிள்ளையார்பட்டிப் பக்கமா?’’ என்கிறார்கள். ஐயா, அது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்!

மனுஷனாவது ‘எந்தத் திருப்பத்தூர்?’ என்று கேட்பான். கம்ப்யூட்டர் கேட்காது. 2008-ல் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பழைய லினக்ஸ் சர்வர். அதில் ரெண்டு நெட்வொர்க் கார்டு. ‘ஈத் 0’ இன்டர்நெட்டுக்கு, ‘ஈத் 1’ ஆபீஸுக்கு. காவலுக்கு இருந்த ஃபயர்வால் பேரைப் பார்த்துத்தான் ஆளை விடும்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. எல்லாம் நின்றுபோச்சு!

‘‘என்னப்பா, மெட்ராஸ் ஹார்பருக்குப் போற கன்டெய்னர் வாசல்ல நிக்குது. இன்வாய்ஸ் எங்கே?’’ - மேனேஜர் குரலில் சூடு.

பார்த்தால், ரெண்டு பேரும் இடம் மாறிக் கிடந்தது. வாட்ச்மேன் சொந்த வீட்டுக்காரனைத் தடுத்துவிட்டு, தெருவில் போகிறவனை ‘வாங்க வாங்க’ என்று கூப்பிடுகிற நிலைமை! அவசரத்துக்கு கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் சொருகினேன். கன்டெய்னர் கிளம்பியது, எனக்கு சபாஷ். மறுவாரம் மறுபடி கரண்ட் கட். பேர்கள் சமர்த்தாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன! அன்றைக்கு வாங்கியதை இங்கே எழுத முடியாது.

விஷயம் இதுதான். லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல், கண்ணில் பட்ட வரிசைப்படிதான் கார்டுகளுக்குப் பேர் வைக்கும். முந்தியவன் 0, பிந்தியவன் 1. பூட் ஆகும்போது யார் முந்துவார் என்பது நிச்சயமில்லை. சரி, 0-வை 1 என்று மாற்றலாமென்றால், ‘அந்தப் பேரில் ஏற்கெனவே ஆள் இருக்கே’ என்று கெர்னல் மறுத்துவிடும். ஒருத்தருக்குத் தற்காலிகமாக மூன்றாவது பேர் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

பிறகு ‘யூடெவ்’ என்ற புரோகிராம், கார்டில் பொறித்திருக்கும் 12 இலக்க மேக் நம்பரை நோட்டில் குறித்துப் பேரை நிலையாக்கியது. அதிலும் வம்பு! எரிந்துபோன கார்டைத் தூக்கிவிட்டுப் புதுசு போட்டால், ‘0 அவருடையது’ என்று புதுசுக்கு வேறு நம்பர் கொடுக்கும். செத்தவர் பேரில் ரேஷன் கார்டு மாதிரி!

2013 ஜனவரியில் ‘சிஸ்டம்-டி’யின் 197-ம் பதிப்பு ஒரு வழி சொன்னது. வந்த வரிசையை விடு, உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பேராக்கு! ‘இ-என்-பி-3-எஸ்-0’ என்றால் ஈதர்நெட், 3-வது பஸ், 0-வது ஸ்லாட். (இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது!) வாயில் நுழையாத பேர்தான், ஆனால் கரண்ட் போய் வந்தாலும் மாறாது. கூடுதலாக வேறு கார்டு செருகினால் பஸ் நம்பர் நகரலாம் என்பது மட்டும் ஒரு குறை.

பெரிய கண்டுபிடிப்பு என்று வியந்துகொண்டிருந்தேன். போன வாரம் பஸ்ஸில் ஒரு பாட்டி, பக்கத்து சீட்காரரிடம் சொன்னார்:

‘‘நமக்கு ஜோலார்பேட்டைத் திருப்பத்தூருப்பா!’’