பல்கலைக்கழகத் தெரிவும் குடும்பப் பற்றும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும், திருகோணமலை மாவட்டத்திலே பல வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடுகின்றது. வழக்காளிகள் எல்லோரும் ஒரே குடும்பத்தினர். தாம் படித்த பேராதனையே பல்கலைக்கழகம் என்பார் பெரியப்பா. யாழ்ப்பாணத்திலே இனசனம் இருக்க வேறெங்கே போவது என்பார் மாமா. மட்டக்களப்பு வரைக்கும் விடலாம், அதற்கப்பால் வேண்டாம் என்பார் தந்தை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கோணேசபுரி வளாகம் இருக்கப் பிள்ளையைக் கண்காணா இடத்துக்கு ஏன் அனுப்பவேண்டும் என்று கேட்பார் அம்மம்மா. யாருடைய எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு பேச்சும் நடக்கின்றதோ, அந்தப் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கேட்பார் அரியர்.

இவ்வழக்கில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கமும் நின்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. குடும்பத்தாரின் பற்று எங்கிருந்து பிறந்தது, விண்ணப்பப் படிவத்திலே அது என்ன விளைவை உண்டாக்குகின்றது, அதற்குரிய இடம் யாது என்னும் மூன்றையும் ஆராய்வதே நோக்கமாகும்.

முதலாவதாக, இந்தப் பற்று வெறும் பிடிவாதம் அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றி, 1952 ஆம் ஆண்டில் பேராதனையிலே நிலைகொண்டது. பொறியியற் பீடம் 1964 ஆம் ஆண்டில் அங்கு சென்றது. ஆகவே அக்காலத்துத் திருகோணமலை மாணவர் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் என்றால் மலைநாட்டுப் பேராதனை, அல்லது தலைநகராகிய கொழும்பு. வடக்கிலும் கிழக்கிலும் அரசாங்கப் பல்கலைக்கழகம் என்று ஒன்றும் இருந்ததில்லை. அந்த வாயிலினூடே சென்றவர்கள் அதன் பெயரைப் பேரன் பேத்தியருக்கும் சொல்லி வளர்த்ததில் வியப்பில்லை.

தமிழ்ப் பிரதேசத்திலே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்த காலத்தில், அது எங்கே அமையவேண்டும் என்பதே ஒரு பெரும் விவாதமாயிற்று. திருகோணமலையிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் அமையவேண்டும் என்று தமிழரசுக் கட்சியினர் வற்புறுத்தினர். யாழ்ப்பாணத்திலே இந்துப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றோரும் இருந்தனர். முடிவில் 1974 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு ஒரு வளாகம் ஆரம்பமாயிற்று. 1979 ஆம் ஆண்டில் அது தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நம் ஊருக்கு வந்திருக்கக்கூடியது அங்கே போயிற்றே என்ற எண்ணம் ஒரு பக்கத்திலும், தமிழருக்கென்று எழுந்த முதலாவது பல்கலைக்கழகம் என்ற பெருமிதம் மறுபக்கத்திலுமாக, யாழ்ப்பாணத்தைப் பற்றிய பேச்சு நம்மிடையே அன்று தொட்டே இருவகைப்பட்டதாயிற்று.

கிழக்கின் வரலாறு இன்னும் இளையது. வந்தாறுமூலையிலே 1981 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986 ஆம் ஆண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலையிலே 1993 ஆம் ஆண்டில் தொடங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 2001 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 ஆம் ஆண்டிலும், வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆம் ஆண்டிலும் அந்த நிலையை அடைந்தன. மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களின் குடும்பப் பேச்சில் ஒலுவிலும் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொண்டது. இளைய நிறுவனங்களுக்கு முதிய பட்டதாரிகள் இருத்தல் இயலாது. குடும்ப மன்றிலே அவற்றுக்காக வாதாடுவோர் இல்லாமைக்குக் காரணம் இதுவேயன்றி, அவற்றின் தரக்குறைவு அன்று.

பற்றைப் போலவே அச்சத்துக்கும் வரலாறு உண்டு. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஏ-9 நெடுஞ்சாலை முகமாலையில் மூடப்பட்டபோது, யாழ்ப்பாணம் தரைவழித் தொடர்பை இழந்தது. பிள்ளைகள் அப்புறமும் பெற்றோர் இப்புறமுமாகத் தவித்த அந்த நாள்களை அறிந்த தந்தை ஒருவர், இன்றும் வடக்கே மகளை அனுப்பத் தயங்கினால் அவரைக் குறைகூறல் ஆகாது. ஆயின் 2009 ஆம் ஆண்டு முதல் அந்தப் பாதை திறந்திருக்கின்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், ‘பாதை’ என்று நாம் அழைத்த மிதவைப் படகுக்காகக் கரையிலே காத்துநின்றவர்களின் தூரக் கணக்கும், இன்று பஸ்ஸிலே பாலத்தைக் கடக்கும் மாணவியின் தூரக் கணக்கும் ஒன்றாக மாட்டா.

இதனால் நாம் கொள்ளவேண்டிய விதி ஒன்று புலனாகின்றது. மூத்தோரின் சொல்லை ஒதுக்குதலும் வேண்டாம். கட்டளையாக ஏற்றலும் வேண்டாம். அதை ஆண்டு குறித்த சாட்சியமாகக் கொள்ளவேண்டும். ‘பெரியப்பா, நீங்கள் படித்தது எந்த ஆண்டில்? எந்தத் துறையில்? அந்தத் துறையிலே இப்போது படிப்பவர் யாரையேனும் அறிவீர்களோ?’ என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. பெரியப்பா சொல்வது மெய்யாகவே இருக்கலாம்; அது அவர் காலத்து மெய்.

இரண்டாவதாக, தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம். பாடங்களின் கடினத்தை ஒப்புநோக்கிச் சீர்செய்யும் இசட் புள்ளியே 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாக இருந்துவருகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில், 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்தனவாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இதன் காரணமாக ஒரே கற்கைநெறிக்கு மாவட்டந்தோறும் வெட்டுப்புள்ளி வேறுபடும். யாழ்ப்பாணத்து மச்சானுக்கு எந்தப் புள்ளிக்கு எது கிடைத்தது என்பது, திருகோணமலைப் பிள்ளைக்கு வழிகாட்டி ஆகாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், இன்ன பல்கலைக்கழகத்தில் இன்ன கற்கைநெறி என்று விருப்பங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையை மேலிருந்து பார்த்து, மாணவரின் புள்ளிக்கு எட்டும் முதலாவது விருப்பம் எதுவோ அதுவே வழங்கப்படும். அதற்குக் கீழே எழுதியவை கவனத்துக்கு வரமாட்டா. இந்த ஒரு நுட்பத்தை அறியாமையால் விளையும் துன்பம் பெரிது. எட்டாத ஒன்றை வரிசையின் தலையிலே எழுதுவதால் நட்டம் இல்லை. அது தானாகவே கழிந்துபோகும். எட்டக்கூடியதும் பிள்ளை விரும்பாததுமான ஒன்றை, வீட்டாரின் மனமகிழ்ச்சிக்காக மேலே எழுதுவதே நட்டம். ஏனெனில் அது கிடைத்துவிடும். கிடைத்த பின்னர், கீழே எழுதிய உண்மையான விருப்பத்தைக் கேட்டுப் பெற வழி இல்லை. பதிவுசெய்து படிக்கத் தொடங்கிய பின் மறு ஆண்டில் புதிதாக விண்ணப்பிக்கவும் விதிகள் இடந்தருவதில்லை.

வெட்டுப்புள்ளியைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் இங்கே நீக்கவேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி உயர்வாக இருந்தால், அங்கே கற்பித்தலும் உயர்வு என்று பலர் கருதுகின்றனர். அந்தப் புள்ளி காட்டுவது யாதெனில், இருக்கும் இடங்களுக்கு எத்தனை பேர் போட்டியிட்டனர் என்பதே. சந்தையிலே ஒரு கடையின் முன் கூட்டம் நிற்பது, அக்கடையின் பெயருக்குச் சான்று. உள்ளே உள்ள சரக்கைக் கண்டே அறியவேண்டும். முற்கூறிய குடும்பப் பற்றுகள் ஆயிரம் வீடுகளில் ஒன்றுசேர்ந்தே அந்தக் கூட்டத்தை உண்டாக்குகின்றன.

அப்படியானால் எதனை ஒப்பிட்டுப் பார்ப்பது? பல்கலைக்கழகத்தின் பெயரை அன்று; கற்கைநெறியையே ஒப்பிட வேண்டும். பொறியியலை எடுத்துக்கொள்வோம். பேராதனை, மொறட்டுவை, ருகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய ஆறு பல்கலைக்கழகங்களிலும் பொறியியற் பீடங்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தின் பொறியியற் பீடம் யாழ்ப்பாணத்தில் இல்லை, கிளிநொச்சியில் இருக்கின்றது. ருகுணையின் பீடம் மாத்தறையில் இல்லை, காலியை அடுத்த ஹப்புகலையில் இருக்கின்றது. பெயரை மாத்திரம் கேட்டு முடிவெடுப்போர் இடத்தையே தவறாக எண்ணிவிடுகின்றனர். மாணவர் கேட்கவேண்டியது, தாம் விரும்பும் பொறியியற் கிளை அங்கே உண்டா, அப்பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் உண்டா என்பவற்றையே.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு நெருக்கமான உதாரணங்களும் உள. கப்பல்களும் சரக்கும் கண்டு வளர்ந்த பிள்ளைக்குப் போக்குவரத்து, பொருள் விநியோக முகாமை ஆகியவற்றிலே ஆர்வம் பிறந்தால், அதற்கான பட்டப்படிப்பு மொறட்டுவையிலே இருக்கின்றது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை கடலை விஞ்ஞானமாகக் கற்க விரும்பினால், ருகுணையிலே மீன்பிடிக்கும் கடல்சார் விஞ்ஞானத்துக்கும் என ஒரு பீடமே உண்டு. இவ்விரண்டும் நம் வீட்டு விவாதங்களில் பெயரளவிலேனும் எழுவது அரிது. ஏனெனில் உறவினர் ஒருவரும் அங்கே படித்ததில்லை. மறுபுறத்தில், கணினி விஞ்ஞானமோ, தொடர்பாடற் கல்வியோ, சித்த மருத்துவமோ நாடுவோருக்கு, நிலாவெளி வீதியிலே நம் வாயிலருகே உள்ள வளாகம் பொருத்தமானதாகலாம். அருகில் இருப்பதாலேயே அதனை எளிதாக எண்ணுவோர், தூரத்தை உயர்வென்று மயங்குகின்றனர்.

மொழியும் எண்ணத்தக்கது. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் எங்கு சென்றாலும் ஆங்கில மொழிமூலமே. கலைத்துறை மாணவருக்கோ யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் பேராதனையிலும் தமிழிலே கற்கும் வாய்ப்பு உண்டு. பேராதனையிலே பயிலும் தமிழ் மாணவர், வகுப்புக்கு வெளியே சிங்களத்தையும் பழகிக்கொள்ளக்கூடும். அரச சேவையை நாடுவோருக்கு அது பெரும் துணை. தம் மக்களின் மொழியும் வாழ்வும் சூழ்ந்த இடத்திலே ஊன்றிக் கற்க விரும்புவோருக்கு மற்றவை துணை. எது சிறந்தது என்பதற்குப் பொதுவிடை இல்லை. இந்தப் பிள்ளைக்கு எது என்பதற்கே விடை உண்டு.

செலவும் பாதுகாப்பும் பெற்றோரின் நியாயமான கவலைகள். அவற்றைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். முதலாம் ஆண்டில் விடுதி கிடைக்குமா? கிடைக்காத ஆண்டுகளில் வாடகை அறைக்கு எவ்வளவு செல்லும்? 1981 ஆம் ஆண்டிலே தோன்றிய மகாபொல புலமைப்பரிசிலுக்குப் பிள்ளை தகுதி பெறுமா? பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் பீடத்திலே முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? இவற்றுக்கு மாமாவின் பழைய நினைவுகளைக் காட்டிலும், அதே பாடசாலையிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்ற மாணவர் ஒருவரின் பதிலே மிகுதியும் பயன்படும்.

வீட்டிலே இதனைச் செய்யும் முறை ஒன்றைக் கூறலாம். ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலை வைத்துக்கொண்டு, பிள்ளை முதலில் தனியே இருந்து தன் வரிசையை எழுதட்டும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரே ஒரு காரணம் எழுதட்டும். உளச்சார்புப் பரீட்சை வேண்டிய கற்கைநெறிகளைக் குறித்துக்கொள்ளட்டும். அதன் பின்னர் குடும்பத்தார் கூடிப் பேசட்டும். காரணத்துக்குக் காரணம் கூறி வரிசையை மாற்றுவது நல்லது. ‘நம் குடும்பத்தில் எல்லோரும் அங்கேதான்’ என்பது காரணம் ஆகாது. விரும்பவே விரும்பாத ஒன்றை, இடம் நிரம்பட்டும் என்று வரிசையிலே சேர்க்கவும் வேண்டாம், அதுவும் கிடைத்துவிடலாம்.

இந்தப் பல்கலைக்கழகங்கள் யாவும் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், ஒரே பொதுப்பணத்தில் இயங்குவன. அவற்றின் பேரால் நாம் வீட்டிலே நடத்தும் போட்டி, உண்மையில் நம்முடைய இளமை நினைவுகளுக்கிடையே நடக்கும் போட்டியே. பெரியப்பாவுக்குப் பேராதனை என்றும் இனிக்கட்டும். மாமாவுக்கு யாழ்ப்பாணம் இனிக்கட்டும். மூன்று, நான்கு, மருத்துவமாயின் ஐந்து ஆண்டுகள் விரிவுரை மண்டபத்திலே அமர்ந்திருக்கப் போவது பிள்ளை. விண்ணப்பத்தின் அடியிலே ஒப்பமிடுவதும் பிள்ளையே. ஒப்பமிடும் வேளையில் மேலே உள்ள வரிசை தன்னுடையது என்று அப்பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். அதற்குத் துணைநிற்பதே குடும்பத்தின் கடமை.