இட்டேரியில் ஒரு ஆர்.எக்ஸ். நூறு

மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பவர்கள் மூன்றே வகைதான். பக்தர்கள், பால்காரர்கள், புதுசாக சுகர் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். நான் மூன்றிலும் சேராதவன். ஆனாலும் போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். முந்தின ராத்திரி நண்பன் போனில் சொன்ன விஷயம் அப்படி.

"மாப்ளே, தோட்டத்துக்கு வெலை பேசியாச்சு. கையெழுத்துப் போடறக்கு முன்னாடி ஒருக்கா இட்டேரில வண்டிய உட்டுட்டு வந்தரலாம். வர்றியா?"

இட்டேரி என்றால் என்ன என்று விழிக்கும் வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் கொங்கு நாட்டில் இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம். ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகும். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருத்தர் பெரிய மனசு பண்ணி பின்னால் போக வேண்டும். அப்படிப் பண்ணாததால் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. (என் அம்மா வழியிலேயே ஒன்று.)

நண்பன் வந்தான். வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே சத்தம் வந்துவிட்டது. யமஹா ஆர்.எக்ஸ். நூறு. 1985-ல் இந்தியாவுக்கு வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சி.சி.தான். ஆனால் அந்தக் காலத்துக் காலேஜ் பசங்களுக்கு அதுதான் ஏரோப்ளேன். இவனுடையது 1994 மாடல், அப்பா வாங்கிக் கொடுத்தது. காலையில் சோக் இழுக்காமல் எழுந்திருக்காது, ஓனரைப் போலவே.

மீன்கரை ரோட்டில் அம்பராம்பாளையம் வரை வண்டி பறந்தது. பாதிப் புண்ணியம் காற்றுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் ஒரு சந்து இருக்கிறதே, ஆடியில் அதன் வழியாகக் கேரளக் காற்று நம் பக்கம் வரும். மார்கழியில் நம் காற்று அந்தப் பக்கம் போகும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது. திரும்பி வரும்போது வட்டியோடு வசூல் பண்ணும் என்பது அப்போது தோன்றவில்லை.

ஆனைமலையில் நெல் வயல் மேல் பனி, பாலாடை மாதிரி அப்படியே நின்றது. கோயில் மைக்கில் எம்.எல்.வி. குரலில் திருப்பாவை. எனக்குக் காது இருக்கிற இடமே தெரியவில்லை. வேட்டைக்காரன்புதூர் தாண்டித் தார் ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கினோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் எங்கள் இரண்டு குல்லாயையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, நல்ல ரோடு இருக்கறப்போ இதுக்குள்ள எதுக்குங்? பாதித் தடந்தானுங் இருக்குது. அக்கட்டால கம்பி போட்டுட்டாங்."

"பாதி போதுமுங்க" என்றான் நண்பன்.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை. அதன் மேல் பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, ஒரு மாமியார் வீட்டுக் கல்யாணம் மாதிரி நெரிசல். சிலந்தி வலை முழுக்கப் பனித்துளி. செம்போத்து ஒன்று எங்களுக்குப் பயப்படாமல் குறுக்கே நடந்து போனது. வண்டிச் சத்தத்துக்குக் கவுதாரி இரண்டு புதரிலிருந்து குண்டு போட்ட மாதிரிக் கிளம்பியதில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. வேலிக்குள் கீரி உண்டு, உடும்பு உண்டு, பாம்பும் உண்டு. தோட்டத்து எலிக்கும் புழுவுக்கும் சம்பளம் வாங்காத காவல்காரர்கள் இவர்கள்தான்.

நான் பி.காம். படித்தவன். வேலியைப் பார்த்தாலும் கணக்குதான் தோன்றும். கிளுவையை வாங்க வேண்டாம். குச்சியை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். கம்பி துருப்பிடிக்கும், கல் சாயும், கிளுவைக்கு மட்டும் வருஷா வருஷம் மதிப்பு கூடும். தேய்மானமே இல்லாத சொத்து! இதை எந்த ஐந்தொகையிலும் நான் பார்த்ததில்லை.

"நீ ஒரு பக்கந்தான் எழுதற" என்றான் நண்பன், வண்டியை நிறுத்தி. "வேலி எத்தனை அடி அகலம் பாரு. அஞ்சு அடி. எடுத்துட்டுக் கம்பி போட்டா அஞ்சு அடியும் நெலம். இன்னிக்கு நெலம் விக்கிற வெலைக்கு எவன் அஞ்சு அடிய உடும்புக்கு உடுவான்?"

பதில் சொல்ல முடியவில்லை. சில தடங்களாவது சர்வே படத்தில் வண்டிப்பாதை என்று தப்பிக்கும். பட்டா நிலத்தில், வாய் வார்த்தையில் விட்ட தடங்களுக்கு யார் சாட்சி?

இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலைக்காய் விளைந்த பூமி. 1960-களில் பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னை வந்து ஊரையே மூடியது. மெட்ராஸில் நீங்கள் குடிக்கிற இளநீரில் எங்கள் ஊரும் இருக்கிறது. பிறகு 2016-ல் சுருள் வெள்ளை ஈ. அதோடு கேரளா வாடல் என்று இங்கே சொல்லுகிற வேர் வாடல் நோய். மரத்தின் சாற்றை உறிஞ்சும் பூச்சி பரப்புவது. வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. முற்றிய மரத்தை வெட்ட வேண்டியதுதான்.

வளைவு திரும்பினதும் நண்பனின் தோட்டம். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் கடைசியாக வந்தபோது வெயில் தெரியாத இடம். இப்போது அடிமரங்கள் வரிசை வரிசையாக, உட்கார ஆள் இல்லாத ஸ்டூல் மாதிரி. நிழல் போனதும் பனி நேராகத் தரையில் இறங்கியிருந்தது.

"நூத்திப் பத்து மரம். அப்பா இருந்திருந்தா வெட்ட உட்டிருக்க மாட்டாரு" என்றான். கோயமுத்தூர் பார்ட்டி ஒன்று பண்ணை வீடு கட்டக் கேட்கிறதாம். வேலியை எடுத்துச் சுவர் வைத்துக்கொள்ள எதிர்ப்பக்கத்துக்காரரிடமும் பேசி முடித்துவிட்டார்களாம். பாங்க் கடன் இருக்கிறது. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது. விற்காதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் இருப்பது மூன்றாவது மாடி ஃப்ளாட். என் வேலி பக்கத்து வீட்டுக்காரரின் ஷூ ஸ்டாண்டு.

ஒரு பீடியை அவன் பற்ற வைத்தான். நான் கையைச் சூடு பண்ணிக்கொள்ள சைலன்ஸர் பக்கம் உட்கார்ந்தேன். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வேலியில் இறங்கி, எங்களைப் பற்றியே பேசுகிற மாதிரி சத்தம் போட்டது.

கிளம்பும்போது நண்பன் கத்தியால் கிளுவையில் கை நீளத்துக்கு நாலு குச்சி வெட்டினான்.

"எதுக்குடா?"

"சும்மாதான். நீ புடி."

முள்ளோடு அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில், பள்ளத்துக்குப் பள்ளம் குத்து வாங்கிக்கொண்டே பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். இதை எழுதும்போது மூன்று குச்சி காய்ந்துவிட்டது. நாலாவது என் பால்கனியில், பெயிண்ட் டப்பாவில், ஒரு பக்கம் லேசாகப் பச்சை விட்டிருக்கிறது. கிரயத்தைத் தை முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறானாம். நேற்று போனில் சொன்னான்.