தாய்ப்பாலுக்குள் ஓர் ‘ஆனந்தம்’!

வயிறு முட்டப் பால் குடித்த பச்சிளம் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். கண் சொருகி, கை கால் தளர்ந்து, அப்படியே மடியில் கிடக்கும். அந்தப் பாலில் இருக்கும் ஒரு பொருளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே ‘ஆனந்தம்’ இருக்கிறது.

கஞ்சாவின் போதைப்பொருளான டிஹெச்சி, மூளையில் குறிப்பிட்ட சில ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அதே இடத்தில் ஒட்டும் ஒரு பொருளை உடம்பே தயாரிக்கிறது என்று 1992-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெகூலம் குழுவினர் கண்டார்கள். ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். 1995-ல் 2-ஏஜி என்ற இன்னொன்றும் தெரியவந்தது. தாய்ப்பாலில் இரண்டுமே உண்டு. 2-ஏஜி-தான் மிக அதிகம். பயப்பட வேண்டாம், இது போதை இல்லை. இயற்கை அளந்து வைத்த துளி.

இதற்கு என்ன வேலை? 2001-ல் எஸ்தர் ஃபிரைடு என்ற ஆய்வாளரும் மெகூலமும் பிறந்த அன்றே எலிக்குட்டிகளுக்கு அந்த ஏற்பிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குட்டிகள் பால் குடிக்காமல், சில நாட்களில் இறந்தே போயின. எலிக்கு நடந்தது மனிதக் குழந்தைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சப்பிக் குடிக்கும் பழக்கம் தொடங்குகிற அந்த முதல் நாள் எவ்வளவு முக்கியம் என்பது புரிகிறது.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில், ‘முதல்ல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைங்க’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரசவம் செஞ்சி அரசு மருத்துவமனையில் நடந்தாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தாலும் விதி ஒன்றுதான்: ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். முதல் நாளில் குழந்தையின் வயிறு மிகக் கொஞ்சமாகத்தான் கொள்ளும். அந்த இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சீம்பாலுக்கு ஏது இடம்?

‘இயற்கையாகவே இருக்கிறதே, கொஞ்சம் கஞ்சா என்ன செய்யும்?’ என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: கூடவே கூடாது. டிஹெச்சி கொழுப்பில் தங்கும். பாலிலும் கொழுப்பு உண்டு. 2018-ல் அமெரிக்காவில் கஞ்சா பயன்படுத்திய 50 தாய்மார்களின் 54 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 34-ல் அது இருந்தது; கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாட்கள் வரைகூட! தாய் சொந்தமாகச் சுரப்பது வேறு, வெளியிலிருந்து புகுவது வேறு.

பால் சரியாக ஊறவில்லை என்றால் மனம் ஒடிந்து உட்கார வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினாலே சரியாகிவிடும்.