வழவழப்பான தாளுக்குள் ஒரு கஞ்சி

ஆர்ட் பேப்பரில் அச்சான காலண்டர் ஒன்றை எடுத்து, மை படாத ஓரத்தை ஈரவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சில தாள்களில் விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அது சீனக்களிமண்ணோ சுண்ணாம்புக்கல் பொடியோ. தாளின் மேடுபள்ளத்தை நிரவி, படம் துல்லியமாக விழச் செய்வது இந்தப் பூச்சுதான். பொடி தானாகத் தாளில் நிற்காது. 100 பங்கு பொடிக்குச் சுமார் 10 முதல் 20 பங்கு பசை வேண்டும்.

பசை குறைந்தால் ஆஃப்செட் மையின் பிசுபிசுப்பு பொடியைப் பிய்த்தெடுத்துவிடும். அடர்நிறப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கூடினாலும் ஆபத்து: துகள்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் அடைபட்டு, மை உள்ளிறங்காமல் ஈரமாகவே கிடக்கும்.

ஒரு காலத்தில் இந்தப் பசை பாலிலிருந்து வந்தது. வெண்ணெய் எடுத்த பாலில் அமிலம் விட்டால் திரிந்து பிரியும் புரதம், கேசீன். வெறும் தண்ணீரில் கரையாது. அம்மோனியாவோ வெண்காரமோ சேர்க்க வேண்டும். கெட்டால் நாற்றம் தாங்காது. 1930-களில் சோயாப் புரதம் துணைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை லேடெக்ஸ் இரண்டையும் ஓரங்கட்டியது. ஆனாலும் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சூடான குரோமிய உருளையில் அழுத்தி, கண்ணாடிபோல் மினுங்கவைக்கும் தாளுக்குக் கேசீன் இன்றும் உதவுகிறது.

என் வியப்பெல்லாம் இதே பசை வேலையைச் செய்யும் ஸ்டார்ச்சின் மேல்தான். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி என எதிலிருந்து எடுத்த மாவானாலும், தண்ணீரில் சூடேற்றினால் 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் மணிகள் உப்பி வெடித்துக் கெட்டிக் கஞ்சியாகிவிடும். நிமிடத்துக்கு 1000 மீட்டருக்கு மேல் ஓடும் தாளில் அந்தக் கஞ்சியைப் பூசவே முடியாது. அதனால் அமைலேஸ் நொதியைவிட்டு அதன் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குகிறார்கள். கைத்திறம் இங்கேதான் இருக்கிறது. கஞ்சி வேண்டிய அளவு இளகியதும் சூட்டைக் கூட்டி நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் துண்டுகள் மிகச் சிறியதாகி, ஒட்டும் வலு போய்விடும்.

உலர்த்துவதிலும் கவனம் தேவை. அவசரமாகச் சூடேற்றினால் ஆவியாகும் நீரோடு ஸ்டார்ச்சும் மேலே ஏறி ஓரிடத்தில் மிகும், ஓரிடத்தில் குறையும். அச்சில் நிறம் திட்டுத்திட்டாக விழும். ஈரம் பட்டால் இளகுவதும் ஸ்டார்ச்சின் குறைதான். இதனால் பல ஆலைகள் லேடெக்ஸோடு கலந்தே பூசுகின்றன: லேடெக்ஸ் ஈரத்தைத் தாங்கும், ஸ்டார்ச் தாளுக்கு விறைப்பைத் தரும். பெட்ரோலியத்திலிருந்து வரும் லேடெக்ஸின் பங்கைக் குறைத்து ஸ்டார்ச்சின் பங்கைக் கூட்டும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன.